காதர்பேட்டை
திருப்பூர் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள பின்னலாடைச் சந்தை. 1920-களில் பனியன் தொழில் இங்கு வேரூன்றியது. 1970-களின் இறுதியில் ஐரோப்பிய ஏற்றுமதி தொடங்கியது. ஆர்டருக்கு மேல் தைத்தவையும் சோதனையில் கழிக்கப்பட்டவையும் குவிந்ததால் சந்தை பெருகியது. கழித்த துணி எல்லாம் மட்டமல்ல: கழுத்துப் பட்டியில் ஒரு தையல் விட்டிருக்கும், அல்லது சாயம் இம்மியளவு மாறியிருக்கும், அவ்வளவுதான். கேரள, கர்நாடக வியாபாரிகளும் ஆப்பிரிக்க வணிகர்களும் மூட்டை மூட்டையாகக் கொள்முதல் செய்வார்கள். ஞாயிறுகளில் சில்லறைக் கூட்டம். தீபாவளிக்கு முன் நடக்க இடமிருக்காது. 2023 ஜூனில் இங்குள்ள பனியன் பஜாரில் பற்றிய தீயில் சுமார் 50 கடைகள் சாம்பலாயின. பண்டிகைச் சரக்கை நம்பி வாழும் சிறு வியாபாரிகளுக்கு அது பேரிழப்பு.