ஆக்கி ராஸின் முகம்: ஒரு படத்துக்கு இரண்டு தீர்ப்புகள்

வீடியோ கேமை ஒட்டி எடுத்த படங்கள் விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது புதிதல்ல. 1993இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ தொடங்கி அதுதான் வழக்கமாக இருந்தது. 2001 ஜூலையில் அமெரிக்காவில் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டஸி: தி ஸ்பிரிட்ஸ் விதின்’ அனிமேஷன் படமும் தப்பவில்லை. ஆனால் அதைப் பற்றிய வாதம் கதையைவிட முகங்களையே அதிகம் சுற்றியது.

இயக்கியவர் ஹிரோனோபு சகாகுச்சி. 1987இல் ‘ஃபைனல் ஃபேன்டஸி’ கேமை உருவாக்கியவரே அவர்தான். ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் ஹொனலுலுவில் இதற்கென்றே ஸ்டூடியோ அமைத்தது. சுமார் 200 பேர் நான்கு ஆண்டு உழைத்தார்கள், செலவு 13.7 கோடி டாலர். நாயகி டாக்டர் ஆக்கி ராஸின் தலையில் மட்டும் 60,000 முடிகள். படத்தில் 1,41,964 ஃபிரேம்கள். ஒவ்வொன்றையும் கணினி வரைந்து முடிக்கச் சராசரியாக 90 நிமிடம். ஒரே கணினியை நம்பியிருந்தால் 24 ஆண்டு ஆகியிருக்கும். 960 கணினிகள் வேலை செய்தன.

நடிகர்களுக்கு இனி வேலை இருக்குமா என்ற பேச்சும் அப்போது கிளம்பியது. டாம் ஹாங்க்ஸ் வெளிப்படையாகவே கவலைப்பட்டார். (மூன்றே ஆண்டில் ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ படத்துக்காக அவரே உடலசைவைப் பதிவுசெய்யும் மோஷன் கேப்சர் உடையில் பல வேடங்கள் ஏற்றார் என்பது தனிக்கதை.)

அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரத்துக்கு மூன்றரை தந்தார். ஆக்கியை மனுஷி என்று ஒரு கணமும் நம்ப முடியவில்லை, ஆனாலும் உயிர்ச்சாயல் இருக்கிறது என்பது அவர் கட்சி. ‘தி கார்டியன்’ விமர்சகர் பீட்டர் பிராட்ஷா நேரெதிர்: மனித முகத்தை எட்டிவிடும் தூரத்தில் வந்து நின்றுவிட்டதாலேயே எல்லாம் அப்பட்டமான போலியாகத் தெரிகிறது என்றார். இருவரும் கண்டது ஒன்றைத்தான். அதைச் சாதனை என்றார் ஒருவர், குறை என்றார் மற்றவர். உடலசைவுகள் நடிகர்களிடமிருந்து மோஷன் கேப்சரில் பதிவானவை. முகபாவங்களோ அனிமேட்டர்கள் கையால் அமைத்தவை. நடை இயல்பாகவும் முகம் இறுக்கமாகவும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கேம் ரசிகர்களின் மனக்குறை வேறு. கேமில் வந்த மாயவித்தை எங்கே, சோகோபோ பறவை எங்கே? படத்தில் இருந்தது 2065ஆம் ஆண்டு, பாழடைந்த நியூயார்க், கவசமணிந்த சிப்பாய்கள். டாக்டர் சிட் என்ற பெயரும், 1997இல் வந்த ஏழாம் கேமை நினைவூட்டும் ‘பூமியின் உயிர்’ என்ற கருத்தும்தான் மிச்சம். கேம் ஆடாதவர்களுக்கோ அந்தக் கருத்தும் வெறும் உபதேசமாகப் பட்டது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். உலக வசூல் சுமார் 8.5 கோடி டாலரோடு நின்றது.

முகத்தைப் பற்றிய வாதத்துக்குப் பின்னால் ஒரு பழைய கோட்பாடும் உண்டு. ரோபோ மனிதனை நெருங்க நெருங்க அதன்மேல் பிரியம் கூடும், மிக நெருங்கியதும் சட்டென்று அருவருப்பாக மாறும் என்று ஜப்பானிய ரோபோவியல் அறிஞர் மசாஹிரோ மோரி 1970லேயே எழுதியிருந்தார். திரை விமர்சனத்தில் அது பரவலாகப் புழங்கத் தொடங்கியது ‘போலார் எக்ஸ்பிரஸ்’ வந்த பிறகுதான். அதன்பின் ஆக்கியின் முகம் அந்தக் கோட்பாட்டுக்கு நிலையான உதாரணமாகிவிட்டது. பின்னாளில் வந்த இந்த இரண்டாம் தீர்ப்பு, படம் வெளியானபோது வந்த முதல் தீர்ப்பைவிட நியாயமற்றது. திரைக்கதையின் தொய்வு முழுவதையும் அது முகத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. மங்கலான வில்லனையும் அவசர முடிவையும் எந்தக் கணினியும் காப்பாற்றியிருக்காது.

ஆக்கியைப் பல படங்களில் நடிக்கவைக்கும் திட்டம் கைவிடப்பட்டது. ‘தி அனிமேட்ரிக்ஸ்’ தொகுப்புக்காக ஒரு குறும்படம் எடுத்த கையோடு ஹொனலுலு ஸ்டூடியோ 2002இல் மூடப்பட்டது. சகாகுச்சி கேம்களுக்கே திரும்பினார்.