ஒரு கட்சி ஆதிக்கத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

சோவியத்து நாட்டிற்போலப் பிற கட்சிகளைச் சட்டத்தால் விலக்கி ஒரு கட்சி ஆளுதல் ஒரு முறை; பிற கட்சிகளை இருக்கவிட்டுத் தேர்தலையே தள்ளிவைத்தல் மற்றொரு முறை. இலங்கையில் ஐக்கிய தேசியக் கட்சி மேற்கொண்டது பின்னையதாகும்.

1977 யூலைத் தேர்தலில் அக்கட்சி பெற்ற வாக்குகள் பாதியைச் சற்றே கடந்தன; பெற்ற இடங்களோ 168 இல் 140. தொகுதிமுறையே பாதியை ஆறில் ஐந்தாகப் பெருக்கிற்று. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களுடன் எதிர்க்கட்சியாயிற்று. அனலைதீவு அடங்கிய ஊர்காவற்றுறைத் தொகுதி, தமிழறிஞர் கா. பொ. இரத்தினத்தை அக்கூட்டணியின் சார்பில் தெரிந்தனுப்பியது.

1978 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா நிறைவேற்றதிகாரமுடைய சனாதிபதியானார். 1980 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டன. 1982 இல் ஆளுங்கட்சி உறுப்பினரிடமிருந்து திகதியிடாத பதவி விலகற் கடிதங்கள் பெறப்பட்டன. அவ்வாண்டு டிசெம்பர் 22 இல், பொதுத் தேர்தலுக்குப் பதிலாக, பாராளுமன்றத்தை மேலும் ஆறாண்டு நீட்டுதல் பற்றிச் சர்வசன வாக்கெடுப்பு நிகழ்ந்தது. இசைவுக்கு விளக்கும் மறுப்புக்குக் குடமும் சின்னங்களாயின. நாடளாவிய நிலையில் நூற்றுக்கு 54.66 வாக்குகள் விளக்குக்கு வீழ்ந்தன. யாழ்ப்பாண மாவட்டத்திலோ பத்தில் ஒன்பது பங்கிற்கு மேற்பட்டவை குடத்திற்கே வீழ்ந்தன. எனினும், மறுத்தோரையும் அம்முடிவு கட்டுப்படுத்திற்று.

1983 யூலை வன்செயலின் பின், ஆகஸ்டில், ஆறாந் திருத்தம் நிறைவேறியது. அது பணித்த பிரிவினைக்கெதிரான சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த கூட்டணியினர் தம் இடங்களை இழந்தனர். தீவுகளின் குறையை எடுத்துரைக்கத் தெரிந்தனுப்பப்பட்டவர்க்கும் மன்றத்தில் இடமில்லாது போயிற்று. மன்றத்திற் சொல்லால் தீரவேண்டிய வழக்கு வெளியே படைக்கலத்தின் கைக்குச் சென்றது. தெற்கிலும் 1987 முதல் 1989 வரை மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி மூண்டது.

வெளியெதிர்ப்பை அடக்கிய கட்சிக்கு உட்பகை தோன்றிற்று. 1991 இல் சனாதிபதி பிரேமதாசாவைப் பதவி நீக்க முயன்ற லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்காவும் வெளியேற்றப்பட்டனர். 1993 மே 1 இல் பிரேமதாசா கொல்லப்பட்டார். 1994 ஆகஸ்ட் தேர்தலில் பொதுசன ஐக்கிய முன்னணி 105 இடங்களையும் ஐக்கிய தேசியக் கட்சி 94 இடங்களையும் பெற, பதினேழாண்டு ஆட்சி முடிந்தது. 2020 பொதுத் தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தது தேசியப் பட்டியலில் ஓரிடமே.

குறை கூறுவோரை மன்றத்தினின்று நீக்கலாம். குறைகளை நீக்குதல் அதனால் ஆகாது. குடத்திற்கு வாக்களித்த தீவகத்தார் அன்று மறுத்தது ஒரு கட்சியை மட்டுமன்று. கேளாமலே ஆளும் முறையையுமாம்.