புல்மோட்டைக் கருமணல்: ஒரு வரலாற்று நோக்கு

திருக்கோணமலைக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்புக்கு அணித்தாயுள்ளது புல்மோட்டை. அக்கடற்கரையிற் பரந்து கிடக்கும் கருமணல், பாறைகள் சிதைந்து ஆறுகளால் அள்ளுண்டு, அலைகளாற் கொழிக்கப்பட்டுத் தங்கிய பாரமான கனியமாகும். அதிற் பெரும்பங்கு, ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது, இல்மனைற்று. றூட்டைலும் சேர்க்கோனும் எஞ்சியவற்றுட் குறிப்பிடத்தக்கன. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் கடலே புதுமணலைக் கொணர்ந்து சேர்க்கின்றது.

கருமணலின் பெருமையை உலகம் அறிந்தது 1791 இலாகும். இங்கிலாந்தின் கோண்வாலில் வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியார் ஓடை மணலிற் புதியதோர் உலோகத்தைக் கண்டார். 1795 இல் ஜேர்மானியரான கிளாப்புரோத்து அதற்குத் தைத்தேனியம் எனப் பெயரிட்டார். தமிழர் வாழும் கரையிலும் இத்தகைய கதையொன்று உண்டு. திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தே, 1909 இல், மணவாளக்குறிச்சிக் கரையின் மொனசைற்றை ஷோம்பேர்க் என்னும் ஜேர்மானியர் கண்டறிந்தார்.

இலங்கையிற் கனிய மணற் கூட்டுத்தாபனம் 1957 இல் நிறுவப்பட்டது. காந்தத்தால் இல்மனைற்றைப் பிரித்தனர். மின்னைக் கடத்தும் றூட்டைலையும் கடத்தாத சேர்க்கோனையும் மின்னேற்றத்தால் வேறாக்கினர். பிரித்தது இங்கே, வெண்ணிறப் பூச்சுக்குரிய தைத்தேனியம் ஈரொட்சைட்டாக மாற்றியதோ பிறநாட்டில். 1997 செப்ரெம்பரில், இக்கரையிற் கனியம் ஏற்றிய 'கோடியாலிற்றி' என்னுங் கப்பல் விடுதலைப் புலிகளின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. போரினால் ஏற்றுமதியும் தடைப்பட்டது.

இதற்கிடையே அவ்வெண்பொடியின் மதிப்பு வேறோர் உயரத்தை எய்தியது. ஒளிபட்ட தைத்தேனியம் ஈரொட்சைட்டு நீரைப் பிரிக்கவல்லது என 1972 இல் யப்பானியரான புஜிஷிமாவும் ஹொண்டாவும் காட்டினர். 1991 இல் ஓறீகனும் கிறெற்செலும் அதன் நனோத் துணிக்கைகளைச் சாயத்தாற் போர்த்துச் சூரியக்கலம் சமைத்தனர். நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அத்துணை நுண்ணிய துணிக்கை ஒளியில் அயலிலுள்ள சேதனப் பொருளைச் சிதைக்கும். ஆதலின், வெயிற் காப்புக் களிம்புகளிற் சேர்க்குமுன் அதற்குச் சிலிக்கா அல்லது அலுமினாவால் மெல்லிய போர்வை இடுவர். மணலின் விலையன்று, இவ்வாக்கமும் போர்வையுமே பயனை ஈட்டித் தருகின்றன.

2008 இல் இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் தோன்றியது. நம்நாட்டுக் காரீயத்திலிருந்து கிராபீன் ஆக்கும் முயற்சியும் அங்கு நடைபெற்றது. எனினும் புல்மோட்டைக் கனியம் இன்றும் பெரும்பாலும் பிரித்த மணலாகவே கப்பலேறுகின்றது. கரை அகழப்படும்போது அதன் இழப்பைத் தாங்குவோர் வலைவீசி வாழும் அவ்வூர் மக்களே. அறுபதாண்டுக்கு மேலான இவ்வரலாற்றை நோக்குமிடத்து, மணலைப் பொடியாக்கும் அறிவும் தொழிலும் அம்மக்களின் பிள்ளைகளுக்கு எட்டும் வகையில் அக்கரைக்கு அண்மையிலேயே அமைதல் வேண்டும் என்பது தெளிவாகின்றது.