சேலஞ்சர் ஏவல் முடிவு, 1986

சேலஞ்சர் விண்ணோடத்தை ஏவலாம் என்று அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும், அதற்குத் திட எரிபொருள் உந்துகலங்கள் செய்து தந்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனமும் 1986 ஜனவரி 27 இரவு தொலைபேசிக் கூட்டத்தில் எடுத்த முடிவு. மறுநாள் காலை விண்ணோடம் ஏவப்பட்ட 73 விநாடிகளில் சிதறியது. பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உட்பட எழுவர் இறந்தனர். ஆபத்தை அறிந்தவர்கள் கூடவே இருந்தும் ஒரு குழு தவறான முடிவுக்கு வருவது எப்படி என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் நிகழ்வு அரிது.

உந்துகலத்தின் இணைப்புகளில் சூடான வாயு கசியாமல் தடுப்பவை ஓ-வளையங்கள் எனும் ரப்பர் வளையங்கள். குளிரில் அவை விறைத்து, இடைவெளியை அடைக்கத் தாமதிக்கும். தியோக்கால் பொறியாளர் ரோஜர் பாய்ஜோலி வளையங்களின் ஆபத்தை 1985 ஜூலையிலேயே மேலிடத்துக்கு எழுதியிருந்தார். கடுங்குளிர் வருகிறது என்றதும், சுமார் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றே தியோக்கால் முதலில் பரிந்துரைத்தது. நாசா மேலாளர்கள் கடுமையாக மறுத்தனர். ஐந்து நிமிட அவகாசம் கேட்டுத் தியோக்கால் தனியே கூடிப் பேசியது. அது அரைமணி நேரம் நீண்டது. பொறியாளர்கள் மன்றாடினர். ஆனால் முடிவு கேட்கப்பட்டது நான்கு மேலாளர்களிடம் மட்டுமே. பொறியாளராக அல்ல, நிர்வாகியாக யோசியுங்கள் என்று பொறியியல் துணைத்தலைவர் ராபர்ட் லண்டிடம் அவருடைய மேலதிகாரி சொன்னார். பரிந்துரை தலைகீழானது. ஃபுளோரிடா ஏவுதளத்தில் இருந்த தியோக்கால் அதிகாரி ஆலன் மெக்டொனால்டு ஒப்புதலில் கையெழுத்திட மறுத்தார். நிறுவனம் இருந்த யூட்டாவிலிருந்து வேறொருவர் கையெழுத்திட்டு அனுப்பினார். ஏவும்போது வெப்பநிலை சுமார் 2 டிகிரி.

முறைப்படி, பாதுகாப்பானது என்று நிறுவினால்தான் ஏவலாம். அன்றிரவு ஆபத்தானது என்று நிறுவும் சுமை பொறியாளர்கள் தலையில் விழுந்தது. வளையம் சேதமான முந்தைய பயணங்களை மட்டுமே வெப்பநிலையோடு ஒப்பிட்டதும் அவர்கள் வாதத்தைப் பலவீனமாக்கியது. சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்திருந்தால் குளிரின் பங்கு பளிச்சென்று தெரிந்திருக்கும். இறுதி ஒப்புதல் தந்த நாசா உயரதிகாரிகளுக்கு இந்த எதிர்ப்பு சொல்லப்படவே இல்லை என்று விபத்தை ஆராய்ந்த ரோஜர்ஸ் விசாரணைக் குழு கண்டறிந்தது.

ஒற்றுமை குலையக்கூடாது என்று மாற்றுக்கருத்தை அமுக்கிவிடும் ‘குழுச்சிந்தனை’ பற்றி உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1972இல் எழுதியதை வைத்துப் பலர் இதை விளக்குவதுண்டு. சமூகவியலாளர் டயான் வாகன் 1996இல் தந்த விளக்கம் இன்னும் ஆழமானது. வளையச் சேதம் ஒவ்வொரு முறையும் விபத்தின்றிக் கடந்துபோனதால், அது ஏற்கத்தக்க இடராகவே பதிவாகிவிட்டது. விதியை மீறாமலேயே பிழை வளர்ந்தது.

2003இல் கொலம்பியா விண்ணோடம் பறந்துகொண்டிருந்தபோது, சேதமடைந்ததா என்று பார்க்க அதன் இறக்கையைப் படமெடுக்கக் கேட்ட பொறியாளர்களின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அந்த விண்ணோடமும் சிதறி எழுவர் இறந்தனர். சேலஞ்சர் காலத்து நிர்வாகக் குறைகள் நீடித்ததாக விசாரணை வாரியம் பதிவு செய்தது.