வேரடி மண்ணும் கடல்நீரும்: அந்தமான், 2004

ஒன்றை முற்றாக அழிப்பதை 'வேரடி மண்ணோடு பெயர்ப்பது' என்கிறோம். மொழியியல் படித்த பழக்கத்தால் இத்தொடரில் 'மண்' என்ற சொல்லிலேயே நின்றுவிடுவேன். வேர் மட்டும் போனால் அழிவு நிறைவடைவதில்லை என்ற அறிவு அதில் இருக்கிறது. பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளை ஆராய்ந்த ஜெர்மானியர் லோரென்ஸ் ஹில்ட்னர் 1904இல் அந்த மண்ணுக்கு 'ரைசோஸ்பியர்' என்று பெயரிட்டார், தமிழில் வேர்மண்டலம். வேர் கசியவிடும் பொருள்களை நாடி நுண்ணுயிர்கள் அங்கே திரள்கின்றன, செடியின் நலம் அக்கூட்டத்தைச் சார்ந்திருக்கிறது என்றார் அவர்.

நூறாண்டு கழித்து, 2004 டிசம்பர் 26 அன்று, அந்தமானின் வேரடி மண்ணில் கடல் புகுந்தது. இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஆழிப்பேரலையோடு நின்றுவிடுகின்றனர். மண்ணின் வரலாற்றில் அலையைவிட ஓதமே பெரிது என்பது என் கருத்து. நிலநடுக்கத்தால் தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அலை வந்து திரும்பிய மேட்டு வயல்களில் உப்பைக் கரைத்து வெளியேற்ற மழை இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. பெய்யும் தீவுகள் அவை. தாழ்ந்த வயல்களுக்கோ நாள்தோறும் இருமுறை கடல் வந்தது.

உப்பு என்றதும் சோடியத்தையே நினைக்கிறோம். ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட்டும் உண்டு. காற்றில்லாச் சேற்றில் சில பாக்டீரியாக்கள் உயிர்வளிக்கு மாற்றாக இந்தச் சல்பேட்டைக் கொண்டே சுவாசிக்கின்றன. விளைவு, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு. நெல்வேருக்கு அது நஞ்சு.

நெல்லிடமும் ஒரு தற்காப்பு உண்டு. இலைவழி பெற்ற காற்றைத் தண்டின் உட்குழல்களால் வேருக்கு அனுப்பி, சிறிதளவு உயிர்வளியைச் சேற்றில் கசியவிடுகிறது. நாற்றைப் பிடுங்கும்போது வேரில் காணும் செந்நிறப் படிவு அதன் தடயம்: சேற்றிலுள்ள இரும்பு துருவேறிய பூச்சு. அந்த விளிம்பில் பெக்கியடோவா என்னும் பாக்டீரியா வாழ்ந்து, சல்பைடை உண்டு நஞ்சை முறிக்கிறது. 1880களில் வினோகிராட்ஸ்கி ஆராய்ந்த அதே உயிரி. நெல்வேருக்கு அது செய்யும் உதவியை 1977இல் ஜோஷியும் ஹாலிஸும் எடுத்துக்காட்டினர். வேர் உயிர்வளி தருகிறது, நுண்ணுயிர் காவல் காக்கிறது. உவரால் வேர் குன்றினால் இந்த ஒப்பந்தமும் குலைகிறது. ஆகவே மூழ்கிய வயலின் இழப்பை விளைச்சல் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

வட அந்தமானில் நேர்ந்தது இதற்கு நேரெதிர். அங்கே நிலம் உயர்ந்தது; ஓதம் எட்டாத அலையாத்திக் காடுகள் பட்டுப்போயின. அலையாத்திச் சேற்றில் காலங்காலமாகச் சேரும் இரும்புச் சல்பைடு காற்றைக் காணும்போது, வேறொரு பாக்டீரியா கூட்டம் அதைக் கந்தக அமிலமாக்கும். அத்தகைய அமில மண் அந்தமானின் சில தாழ்நிலங்களில் முன்னரே உண்டு. ஒரே நிலநடுக்கம் தெற்கில் வயலைக் கடலாக்கியது, வடக்கில் கடற்சேற்றைத் தரையாக்கியது. இரண்டிடத்தும் கந்தகமே பாத்திரம்.

1949 முதல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் காடு திருத்தி நெல் விளைவித்த தீவுகள் இவை. போர்ட் பிளேர் அருகே சிப்பிகாட்டில், 2004 வரை வயலாக இருந்த இடத்தில் இன்று நீர் தேங்கி நிற்கிறது. பறவைகளைப் படமெடுக்க அங்கே மக்கள் வருகின்றனர்.