வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர்கள்

நாம் படித்த காலத்தில் பார்வையற்ற, காது கேளாத பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. அவர்களுக்கென்று தனிப் பள்ளிகள் இருந்தன. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மிஷனரிப் பெண்மணிகள் அப்படிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அவ்வளவு தூரம் அனுப்பி விடுதியில் சேர்க்க முடியாத வீட்டுப் பிள்ளை திண்ணையோடு நின்றுவிடும்.

1974இல் மத்திய அரசு ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. சாதாரணப் பள்ளியில் சேரும் பிள்ளைக்குப் புத்தகம், சீருடை, போக்குவரத்துப் படி எல்லாம் உண்டு. ஆனால் பள்ளிக்குத் தகுந்தபடி பிள்ளைதான் மாற வேண்டியிருந்தது. பிள்ளைக்குத் தகுந்தபடி பள்ளி மாற வேண்டும் என்ற கொள்கையை 1994இல் ஸ்பெயின் நாட்டின் சாலமான்காவில் 92 அரசுகள் ஏற்றன. அதுதான் உள்ளடங்கிய கல்வி. அடுத்த ஆண்டே நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. 2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்றது.

சொல்வது எளிது, செய்வது யார்? வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்தான். நான் ஆசிரியராக இருந்த நாட்களில் எங்கள் பள்ளிக்கு ஒரு அம்மா வருவார். திங்கள் எங்கள் பள்ளி, செவ்வாய் பக்கத்து ஊர் என்று பஸ்ஸிலேயே சுற்றுவார். பிள்ளையைச் சோதித்து மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போவார். காது கருவி, சக்கர நாற்காலிக்கு எழுதிப் போடுவார். நடக்க முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்வார். இதற்கெல்லாம் மேலாக, "இவனை முன் பெஞ்சில் உட்கார வையுங்க சார், உங்க வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்குவான்" என்று எங்களுக்கும் கற்றுக்கொடுப்பார். அந்த ஒரு வார்த்தையில் ஒரு பையனின் படிப்பே நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

2016ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுகளின் வகையை 7இலிருந்து 21 ஆக்கியது. தொடக்கப் பள்ளியில் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று 2022இல் மத்திய அரசு வரையறுத்தது. ஆனாலும் இந்தப் பயிற்றுநர்களில் பலர் ஆண்டுக்கணக்காகத் தொகுப்பூதியத்தில்தான் ஓடுகிறார்கள். வேலை நிலையில்லை என்றால், அவரை நம்பியிருக்கும் பிள்ளையின் படிப்பு மட்டும் எப்படி நிலைக்கும்?

உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளை இருந்தால், வட்டார வள மையத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நம் வயதில் நேரத்துக்கா பஞ்சம்?