முழங்காலில் இடி, இடுப்பில் முறிவு

கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் லாரியின் பின்பக்கம் மோதுகிறது. கார் நின்றுவிடும், சீட் பெல்ட் போடாமல் முன் இருக்கையில் இருப்பவர் அதே வேகத்தில் முன்னே பாய்வார். உட்கார்ந்திருப்பவர் உடம்பில் முந்தி நிற்பது முழங்கால். டேஷ்போர்டில் இடித்ததும் முழங்கால் சில்லு உடையலாம். விசை அத்தோடு தீர்வதில்லை. தொடை எலும்பு வழியே மேலேறி இடுப்பு மூட்டை எட்டுகிறது. கால்மேல் கால் போட்டிருந்தவருக்குத் தொடை எலும்பின் தலை தன் குழியை விட்டுப் பின்பக்கம் நழுவும். தொடைகளை நேராக வைத்து உட்கார்ந்திருந்தவருக்கோ குழியின் பின்சுவரே பெயர்ந்துவரலாம். மோதல் ஒன்றுதான்; உட்கார்ந்த விதம் முறிவை மாற்றிவிடுகிறது.

கார் விபத்தில் உடைந்த எலும்பை, அது உடைந்த விதத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முறிவை மட்டும் பார்ப்பது பாதி வைத்தியம்.

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. தொடை எலும்பு உடம்பிலேயே மிக வலுவானது. ஆனாலும் எழுபது வயது மூதாட்டிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தாலே தொடை எலும்பின் கழுத்துப் பகுதி ஒடியக்கூடும். இருபத்தைந்து வயது இளைஞரின் தொடை எலும்பு நடுவில் ஒடிய வேண்டுமானால் பெரும் விசை பாய்ந்திருக்க வேண்டும். அந்த விசை வேறெங்கே போனது என்ற கேள்வி அங்கேயே எழ வேண்டும். வளைந்து வீங்கிய தொடை எல்லோர் கண்ணையும் இழுத்துக்கொள்ள, அதே எலும்பின் கழுத்தில் ஓடும் மெல்லிய விரிசல் தப்பிவிடுவது எலும்பு மருத்துவம் நன்கறிந்த பிழை. முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். தோல் கிழியாத தொடை முறிவிலும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ரத்தம் சதைக்குள்ளேயே கசிந்துவிடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

நழுவிய இடுப்பு மூட்டுக்கு அவசரம் இன்னும் அதிகம். தொடை எலும்புத் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபட்டால் அந்தத் தலை நாளடைவில் செத்துப்போகும். அதனால் 6 மணி நேரத்துக்குள் மூட்டைக் குழிக்குள் சேர்த்துவிட மருத்துவர்கள் முனைகிறார்கள். தமிழ்நாட்டில் எலும்பு முறிந்தால் பலர் மனம் இன்றும் ஆந்திரத்துப் புத்தூர் கட்டு என்னும் நாட்டு எலும்புக்கட்டு வைத்தியத்தை நாடுகிறது. தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை அது. அதை ஏளனம் செய்வதில் பயனில்லை. ஆனால் கார் விபத்தில் சிக்கியவருக்கு அந்தப் பயண நேரமே ஆபத்து. 

முதுகெலும்புக்கு வேறு கதை. 1948-இல் ஜார்ஜ் சான்ஸ் என்ற பிரிட்டிஷ் கதிரியக்க மருத்துவர், முதுகெலும்பு குறுக்குவாட்டில் பிளக்கும் ஒருவகை முறிவை விவரித்தார். 1960-களில் இடுப்பை மட்டும் கட்டும் பெல்ட் போட்டவர்களிடம் அதே முறிவு காணப்பட்டது. இடுப்பு எலும்பில் படிய வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறிவிட்டால், உடம்பு அதன்மேல் இரண்டாக மடிகிறது. குழந்தைகளுக்குப் பட்டை எளிதில் மேலேறிவிடும். வயிற்றில் பெல்ட் தடம் சிவந்து தெரிந்தால் முதுகெலும்பையும் குடலையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். இதைக் காட்டிப் பெல்ட்டையே குறைசொல்வது தவறு. வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் தந்த மூன்றுமுனைப் பெல்ட், விசையை நெஞ்சுக்கும் இடுப்பு எலும்புக்கும் பகிர்ந்துவிடுகிறது. பின் இருக்கையிலும் அது கட்டாயம்.

பக்கவாட்டில் இடித்தால் இடுப்பு வளையம் நசுங்கும்; சாலையில் நடந்தவர் மேல் மோதினால் பம்பர் உயரத்தில், முழங்காலை ஒட்டிய கால் எலும்பு நொறுங்கும்.

ஆகவே விபத்துப் பதிவேட்டில் ‘சாலை விபத்து’ என்று எழுதினால் போதாது. எந்த இருக்கை, பெல்ட் இருந்ததா, எந்தப் பக்கம் இடித்தது என்பனவும் ஏற வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழக அரசே ஏற்க வழிசெய்தது. ஆனால் இந்த விவரங்களைச் சொல்ல, அந்த முதல் மணி நேரங்களில் நினைவிழந்து கிடப்பவருக்காகப் பேசக்கூடியவர், அவரைக் காரிலிருந்து தூக்கியவர்தான். நீங்கள் தூக்கியவர் எந்த இருக்கையில், எப்படிக் கிடந்தார் என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.